திருப்பின படகு

ஞாயிறு, இரவு.

முழங்கால் ரெண்டும் விட்டுப்போச்சு. மனிசி ஆசைப்பட்டா எண்டு பின்னேரம் கொழும்புப் பேரை வாவியில பெடல் போட் எடுத்தம். நடுத் தண்ணியில எதிர வந்த போட்டில மேல்வீட்டு அக்காவின்ர மகளும் ஆரோ ஒரு பெடியனும். ரியூசனுக்கெண்டு வெளிக்கிட்ட பிள்ளை. விலத்தி வழிவிடுறதுதானே மரியாதை. காணாத மாதிரி எங்கட போட்டைத் திருப்பி மிதிச்சன். மனிசி கண்ணை மூடிக் காத்து வாங்கிக்கொண்டிருந்ததில ஒண்டும் காணேல்லை.

இரவு அக்கா படியில மறிச்சா.

"தம்பி, பேரை வாவிக்குப் போனனீங்களாம். தெரிஞ்ச ஆக்கள் ஆரும் வந்தவையோ?"

"ஒருத்தருமில்லை அக்கா."

பொய் சொன்னது எனக்கு உறுத்தேல்லை. அந்தப் பெடியன் காலை நீட்டிக்கொண்டு போனை நோண்டினவன். வேர்க்க வேர்க்க மிதிச்சது பிள்ளை மட்டும்தான். அதை ஆரிட்டச் சொல்ல?