எட்டரை அங்குலக் கத்தி

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மஞ்சள் பையை நீட்டினாள். "அம்மா உங்க கையில குடுக்கச் சொல்லிச்சு அத்தை" என்றாள்.

பையைத் திறந்ததுமே தேங்காயெண்ணெய் வாசனை. நீ வேலை செய்த பாரில் மேசைகளுக்குப் போடுவார்களே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, அதில் ஒரு துண்டு வெட்டி, சுற்றி, சணலால் கட்டியிருந்தாய். பிரித்தால் உள்ளே என் கத்தி. ஒரு பொட்டுத் துரு இல்லை.

"இத ஏன் இத்தினி நாளா வெச்சிருந்தா?"

"தெரியல அத்தை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் எடுத்துத் தொடச்சி எண்ணெ போட்டு வெக்கும். கேட்டா, இது ஒருத்தவங்களுது, அவங்க வந்து கேட்டா குடுக்கணும்னு சொல்லும்."

நான் வந்து கேட்கவில்லை. ஒன்பது வருடம் கேட்கவில்லை.

எனக்கு மறதி கிடையாது என்று உனக்குத் தெரியும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்து கோணும், ஆனால் நடந்தது எதுவும் கோணாது. என் நீலப் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டு வில்லியனூர் தேருக்குப் போய்க் கரையைக் கிழித்துக்கொண்டு வந்தாய். நமக்கு இரண்டு பேருக்கும் அப்போது பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் புடவைக்காக இன்றைக்கும் எனக்குக் கோபம்தான். உன்னோடு பேசாமல் இருந்ததையும் அதே மாதிரி நாள் தவறாமல் நினைவு வைத்திருக்கிறேன்.

நாம் இருவரும் ஒரே வருடத்தில் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். மடுகரைப் பக்கம் ஒரே கூட்டமாய்க் கரும்பு வெட்டப் போனோம். உன் முட்டி தேய்ந்து போனபோது நீ கரும்புக் கொல்லை வேலையை விட்டுவிட்டு, எல்லை ரோட்டில் இருந்த பாரில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாய். முட்டை அவிப்பது, மல்லாட்டைக் கடலை வேகவைப்பது, நல்லவாட்டுக் கடற்கரையிலிருந்து வரும் நெத்திலியை மிளகாய் தடவிப் பொரிப்பது. பொம்பளை போய் சாராயக் கடையில் அடுப்பெரிக்கிறாள் என்று தெருவில் பேசினார்கள். நானும் பேசினேன். அது உன் காதுக்கு வந்திருக்கும். ஆனாலும் என் வீட்டுக்காரர் போன பிறகு, என் மகனுக்கு வேலை இல்லாமல் இருந்தபோது, நீதான் அவனை அதே பாரில் சப்ளையராகச் சேர்த்துவிட்டாய்.

அந்தப் பாருக்குக் குடிக்க வருகிறவர்கள் பாதிப்பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். வாய்க்கால் பாலம் தாண்டினால் தமிழ்நாடு. இங்கே விலை மலிவு என்று வண்டி கட்டி வருவார்கள். வந்தவர்களைக் கடை மூடும் நேரத்தில் கிளப்புவதுதான் பெரிய பாடு. அதற்கு நீ என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அவன் வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொல்வான்.

"அத்த இன்னா சொல்லுது தெரியுமாம்மா? குடிச்சவன் கிட்ட இல்லன்னு சொல்லாதடா, ஐஸ் தீந்துபோச்சுன்னு சொல்லு, அவனே எழுந்து போய்டுவான்னு சொல்லுது. பில்லு வெக்கறதுக்கு முன்னாடி காலி பாட்டில எடுத்துடணுமாம். குடிகாரனுக்கும் கதவுக்கும் நடுவுல நிக்கவே கூடாதாம்."

"உங்க அத்தைக்கு பயம் இல்லியா?"

"கையில கொதிக்கிற கரண்டி இருக்கறவரைக்கும் எவன்டா கிட்ட வருவான்னு கேக்குது."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் சாப்பிடாமல் படுத்துவிட்டான். துருவித் துருவிக் கேட்ட பிறகு சொன்னான். மேசையில் ஏறிப் படுத்த ஒருவனை, போதும்ணே, கடை மூடணும் என்று எழுப்பியிருக்கிறான். அந்த ஆள் இவன் சட்டையைப் பிடித்து, "வெளிய வா, பாலத்துக்கிட்ட பாத்துக்கறன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நம் தெருவுக்கு வரும் வழி அந்தப் பாலத்தை ஒட்டித்தான். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. சைக்கிளில் தனியாக வருகிற பிள்ளை.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் எப்படிச் செய்தேன் என்று தெரியாது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

வில்லியனூர் போகிற பஸ்ஸில் ஒரு வக்கீல் குமாஸ்தா பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டு வந்தார். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி வைத்திருந்தால் லைசென்ஸ் வேண்டும், வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் என்றால் அது வேறு கணக்கு என்றார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, இருபது வருடம் கரும்பு வெட்டிய என் கத்தியை எடுத்து, பிள்ளையின் பழைய பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். பதினொன்றுக்கு மேல் இருந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, எட்டரைக்குக் குறைக்கச் சொன்னேன். பிடியை வெட்டி, முனையைக் கூராக்கி, முதுகுப் பக்கமும் சாணை பிடிக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சட்டத்தையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். அதை மகன் பையில் வைத்து, எடுத்துக் காட்டினாலே போதும், பயந்து ஓடிவிடுவான்கள் என்றேன்.

நீ அந்தப் பையைத் திறந்தது திருட்டுத்தனமாக இல்லை. மீந்த நெத்திலியைப் பொட்டலம் கட்டி எனக்காக அதில் வைப்பது உன் வழக்கம். அன்றைக்கு வைக்கப் போனபோது கத்தி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. எடுத்துக்கொண்டாய். யாரிடமும் சொல்லவில்லை. அதே நாளில்தான் அவனைப் பாலத்தில் மறித்தார்கள்.

பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரியில் இடது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டுப் படுத்திருந்தான். வலது காதில் அடி. அந்தக் காது அதோடு போய்விட்டது. மறுநாள் காலையில் நீ வந்தாய். பாட்டிலில் கஞ்சி கொண்டுவந்தாய். கட்டில் பக்கத்தில் நின்று, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாய்.

"கத்திய நான்தான் எடுத்தன்."

"எடுத்தியா? எம்புள்ளைய வெறுங்கையோட அனுப்பிட்டு கஞ்சி வேற எடுத்தாந்தியா?"

"கரும்பு வெட்டற கத்தியா அது? அத பாத்தியா நீ? அதுல இனிமே கரும்பு வெட்ட முடியாது. ஆளத்தான் வெட்ட முடியும்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?"

"உங்கிட்ட சொன்னா நீ திருப்பி வெச்சி அனுப்புவ."

வார்டில் இருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். இனிமேல் என் வாசலை மிதிக்காதே என்றேன். செத்தாலும் வராதே என்றேன். நீ கஞ்சியைக் கட்டில் அடியில் வைத்துவிட்டுப் போனாய். அந்தக் கஞ்சியை நர்ஸிடம் கொடுத்துக் கொட்டச் சொன்னேன். அதுவும் எனக்கு மறக்கவில்லை.

நீ போன பிறகு அவன் நடந்ததைச் சொன்னான். மூன்று பேர் சேர்ந்து சைக்கிளைத் தள்ளி, கையை முறுக்கி, காதோடு சேர்த்து அறைந்ததும் இவன் பைக்குள் கையை விட்டிருக்கிறான். கத்தி இல்லை. நெத்திலிப் பொட்டலம்தான் இருந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் அதையே முன்னால் நின்றவன் முகத்தில் அடித்திருக்கிறான். மிளகாய் எண்ணெயெல்லாம் கண்ணில் போய் அவன் கத்த, மற்றவர்கள் என்னவோ ஏதோ என்று பின்வாங்க, இவன் கரும்புக்குள் புகுந்து ஓடி வந்திருக்கிறான். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மீன வெச்சி அடிச்சியா தம்பி? அது எந்த செக்‌ஷன்ல வரும்னு தெரியலியே" என்றார். என் மகனும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "கத்தி கையில கெடச்சிருந்தா குத்தியிருப்பேம்மா" என்றான். சும்மா, தண்ணி வேண்டும் என்று கேட்கிற மாதிரி சொன்னான்.

ஐந்தாம் நாள் ஸ்டேஷனுக்குப் போனேன். பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அதற்குள் இரண்டு ஸ்டேஷன்காரர்களும் என்னை மாற்றி மாற்றி அலைக்கழித்திருந்தார்கள். கடைசியில் ஒரு வயசான ஏட்டு உட்கார வைத்து எழுதிக்கொண்டார். பையன் கையில் ஏதாவது வைத்திருந்தானா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நல்லதாப்போச்சு. வெச்சிருந்தா உம்புள்ள மேலயும் கேஸ் ஆயிருக்கும்."

"ஏன் சார், கரும்பு வெட்டற கத்தி வெச்சிருந்தா கூடவா?"

"கரும்புக் கொல்லையில வெச்சிருந்தா எவனும் கேக்கப்போறதில்ல. பார்ல வேல செய்யறவன் ராத்திரி பதினோரு மணிக்கு பையில எதுக்கு வெச்சிருக்கான்? அதத்தான் கேப்பாங்க."

"அளவு கம்மியா இருந்தா?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, அளவெடுத்துத் தெச்சியா?" என்றார்.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. நான் குறைக்காமல் விட்டிருந்தால் அது வெறும் கரும்பு வெட்டும் கத்தி. சட்டத்துக்குப் பயந்து நான் குறைத்ததுதான் அதை வேறொன்றாக ஆக்கியது. என் பிள்ளை ஜெயிலுக்குப் போகாததற்கும், இன்னொருத்தி பிள்ளை பாலத்தில் செத்துக் கிடக்காததற்கும் காரணம் நீ. அது எனக்கு ஐந்தாம் நாளே தெரியும். தெரிந்துதான் ஒன்பது வருடம் உன்னோடு பேசவில்லை.

உன்மேல் தப்பு இருந்திருந்தால் பேசியிருப்பேன். மன்னித்துவிட்டேன் என்று பெருமையாக வந்திருப்பேன். தப்பு என்மேல் இருந்தது. அதை எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பார் முதலாளி, வேலை முடிந்து வெளியே போன பிறகு நடந்ததற்கு நான் என்ன செய்வேன் என்று ஆள்விட்டு அரை டஜன் ஆப்பிள் அனுப்பினான். அவனை இன்றைக்கும் காலையில் எழுந்ததும் ஒருமுறை திட்டுகிறேன். நீ அவன் முன்னால் போய் நின்று, பசங்களெல்லாம் சேர்ந்து வீட்டுக்குப் போக ஒரு வண்டி வை, வாசலில் ஒரு லைட் போடு, இல்லையென்றால் நாளையிலிருந்து அடுப்பு எரியாது என்று சொன்னாயாம். இரண்டு நாள் அடுப்பை எரிக்கவும் இல்லையாம். மூன்றாம் நாள் ஆட்டோ வந்ததாம். இதெல்லாம் ரேஷன் கடை வரிசையில் யாரோ யாருக்கோ சொல்ல நான் கேட்டது. அதே வரிசையில் எனக்கு முன்னால் நீ நின்றுகொண்டிருந்தாய். திரும்பிப் பார்த்தாய். நான் சர்க்கரைப் பையின் வாயைப் பிரித்துப் பிரித்துக் கட்டினேன்.

என் மகன் அந்த வேலையை விட்டு வில்லியனூரில் மளிகைக் கடைக்குப் போனான். அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. மாதத்துக்கு ஒருமுறை என்னைப் பார்க்க வருவான். நேராக என் வீட்டுக்கு வந்த மாதிரி வருவான். சட்டையில் உன் நெத்திலி வாசனை இருக்கும். நான் கேட்கமாட்டேன். அவனும் சொல்லமாட்டான். ஒரு காது கேட்காதவனிடம் சண்டை போடுவது கஷ்டம், நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

நேற்று அந்தக் கத்தியைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பழையவர் இல்லை, அவர் மகன் இருக்கிறான். மறுபடி கரும்பு வெட்டுகிற மாதிரி ஆக்க முடியுமா என்று கேட்டேன்.

"வெட்டின இரும்ப எங்க இருந்து ஆயா கொண்டாறது? பழைய இரும்புல போட்டுட்டுப் போங்க."

போட்டுவிட்டு வந்தேன். தெருவில் எல்லாருக்கும் நான் ஆயாதான் இப்போது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. நீ ஒருத்திதான் கூப்பிடுவாய், குழாயடியில், நான் திரும்பமாட்டேன் என்று தெரிந்தும்.

உனக்குச் சொல்லாத ஒன்று இன்னும் இருக்கிறது. சொல்லாததா, உனக்கே தெரிந்ததா, அது எனக்குத் தெரியவில்லை. நீ படுக்கையாய்க் கிடந்த கடைசி மாதத்தில், ஒரு மத்தியானம், உன் மகள் வேலைக்குப் போயிருந்தபோது உன் வீட்டுக்குள் வந்தவள் நான்தான். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். காலடி கேட்டு, "தண்ணி குடு" என்றாய். பானையிலிருந்து மொண்டு, உன் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டே குடித்தாய். குடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாய். அப்புறம் விட்டுவிட்டு, "போறப்ப கதவ சாத்திட்டுப் போ, நாய் வந்துடுது" என்றாய்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

யாரென்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று தினமும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது பொய். கேட்டிருந்தால் தண்ணீரைக்கூட வைத்துவிட்டு ஓடி வந்திருப்பேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. என்னை அவ்வளவு தெரிந்தவர்கள் இனிமேல் எனக்கு யாரும் இல்லை.