புது மண்டபத்தில் ஐந்து திரி கொளுத்த அனுமதி கேட்டு

அனுப்புநர்:
திருமதி அழகிப்பிள்ளை பாலசிங்கம்,
மெட்லர் ஓவியக் கலரிக்கு மேல், இரண்டாம் மாடி,
ஷாஃப்ஹவுசன்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
தீத்தடுப்புப் பிரிவு,
ஷாஃப்ஹவுசன்.

பொருள்: மெட்லர் கலரியின் புதிய மண்டபத் திறப்பு விழாவில் பற்றரி விளக்குக்குப் பதிலாக உண்மையான குத்துவிளக்கு ஏற்ற அனுமதி கோருதல், அவ்விளக்கின் மேல் விழுந்த பழியை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அந்தக் கலரி முதன்முதலாகத் திறந்த நாளில் அங்கே நின்றவர்கள்: சொந்தக்காரி திருமதி மெட்லர் (இங்கத்தைய முறைப்படி பிறாவ் மெட்லர்), படங்களைக் கீறிய ஓவியக்காரப் பிள்ளை யாதவி, என் மகள் சுஜீவா, மேசை தூக்க வந்த தவராஜா, நான். வேறு ஒரு குஞ்சும் இல்லை. 2015ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம், கடும் குளிர். இதைத் தமிழிலிருந்து டொச்சுக்கு, அதாவது ஜேர்மன் மொழிக்கு, மாற்றும் பிள்ளை ஒரு பெயரையும் விடாமல் மாற்ற வேண்டும்.

2. அப்போது அது ஒற்றை அறை. அதற்கு முன் சப்பாத்துத் தைக்கும் கடையாக இருந்தது. பசை மணம் சுவரை விட்டுப் போகவில்லை. பிறாவ் மெட்லர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வீதியைப் பார்த்தபடியே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. விளக்கு ஏற்றாமல் ஒரு இடத்தைத் திறந்தால் யார் வருவார்கள்? மேலே போய் என் குத்துவிளக்கைக் கொண்டுவந்தேன். யாதவி சுவிசிலேயே பிறந்தவள். ஆனாலும் அவள்தான், "ஆச்சி, கண்ணாடிப் பக்கம் வையுங்கோ, றோட்டிலை போறவைக்குத் தெரியட்டும்" என்றாள். ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு திரி கொளுத்தினோம். பிறாவ் மெட்லருக்கு இது புதிது. அவர் கையை நான் பிடித்துக் கொடுத்தேன்.

3. பஸ்ஸுக்கு நின்ற சனம் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தது. பிறகு உள்ளே வந்தது. ஒரு வயதான மனிதர் சுடர் வெளிச்சத்தில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு அதை வாங்கிவிட்டார். விற்ற படத்தின் பக்கத்தில் சிவப்பு வட்டம் ஒட்டுவது கலரி வழக்கம். முதல் வட்டத்தை என்னையே ஒட்டச் சொன்னார்கள். நான் நேராகத்தான் ஒட்டினேன். சரிவு என்று தவராஜா சொன்னதை மறக்கவில்லை.

4. அன்று தொடக்கம் எந்தக் கண்காட்சி என்றாலும் என் விளக்குத்தான். பக்கத்து மருந்துக்கடையை எடுத்துச் சுவரை இடித்தார்கள். பிறகு முதலாம் மாடியையும் எடுத்தார்கள். அடுத்தது உங்கடை வீடுதான் அம்மா என்று சுஜீவா பகிடி விட்டாள். பெர்லினில் இருந்து மரப்பெட்டிகளில் படங்கள் வந்தன. பாசல் நகரத்து ஓவியச் சந்தையிலும் இடம் கிடைத்தது. இப்போது ஆற்றங்கரையில் இருக்கும் பழைய நெசவாலை முழுவதும் அவர்களுக்கு. படங்களில் பாதி எனக்கு விளங்காது. ஒருவர் வெள்ளைத் துணியில் வெள்ளையே பூசி வைத்திருந்தார். விளக்கு எரிந்தபடியால் அதுவும் விற்றுப்போயிற்று.

5. விடயத்துக்கு வருகிறேன். சென்ற ஐப்பசியில் முதலாம் மாடியில் அபாய மணி அடித்தது. விளக்குத்தான் காரணம் என்று கேள்விப்பட்டு, கலரியில் நெருப்பே ஆகாது என்று நீங்கள் உத்தரவிட்டீர்கள். ஐயா, பிழை உங்களுடையது அல்ல. விளக்கு அரை மணி நேரமாக எரிந்தது, மணி வாய் திறக்கவில்லை. அதன் பிறகு தவராஜா ஒரு தட்டு நிறையக் கற்பூரம் குவித்துக் கொளுத்தி, ஐயர் மாதிரி நின்று ஒவ்வொரு படத்துக்கும் தீபம் காட்டினார். "அண்ணை, இது கோயிலில்லை, மேலை பாருங்கோ!" என்று யாதவி கத்தினாள். அவர் மேலே பார்த்தார். தட்டையும் சேர்த்து மேலே தூக்கினார். கூரையில் இருந்த புகை பட்டால் மணி அடிக்கும் கருவிக்கு நேரே கீழே.

6. எல்லோரும் வெளியே வீதிக்கு ஓடி, பட்டுச் சேலையோடு மழையில் நின்றோம். உங்கள் ஆட்கள் இரண்டு வாகனத்தில் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வீதி முழுவதும் திரண்டது. நெருப்பில்லை என்றதும் அந்தச் சனம் அப்படியே உள்ளே வந்து, சுவரெல்லாம் சிவப்பு வட்டமாயிற்று. உங்கள் ஆட்களுக்கு வடை கொடுத்தேன். ஒருவர் தலைக்கவசத்துக்குள் நாலு வடை போட்டுக்கொண்டு போனார். அதைப் புகாராக எழுதவில்லை. நல்ல பிள்ளைகள்.

7. மார்ச் 7ஆம் திகதி நெசவாலை மண்டபம் திறக்கிறது. தவராஜா பற்றரி விளக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். சுவிச்சைத் தட்டினால் ஐந்து பல்ப் எரியுமாம். "நீங்கள் தட்டினால் காணும், ஆச்சி" என்கிறார். சுவிச்சுத் தட்ட நான் எதற்கு? பிறாவ் மெட்லர் என் கையைப் பிடித்து, சட்டத்துக்கு என்ன செய்வேன் என்று கண் கலங்கினார். அவரைச் சட்டம் மீறச் சொல்ல மாட்டேன். ஆகையால் உங்களிடம் வருகிறேன். எனக்கு எண்பத்திரண்டு வயது. இதைவிடப் பெரிய மண்டபம் அவர்கள் இனி எடுத்தால், அதற்கு நான் இருப்பேனோ தெரியாது.

8. திரியைச் சிறிதாக வைத்து நெய் ஊற்றுவேன், புகையாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கும். கற்பூரம் வாசலைத் தாண்டாது. சுஜீவா எல்லோருடைய பையையும் பார்ப்பாள். அதற்கு மேலும் பயம் என்றால் நீங்களே வாருங்கள். முதல் நாள் நின்ற ஐந்து பேரில் ஒருவருக்கு இம்முறை திரி இல்லை. அந்த ஐந்தாவது திரியை நீங்கள் கொளுத்தலாம். வடையும் உண்டு.

பத்து நிமிட வெளிச்சத்துக்கு உங்கள் ஒரு கையெழுத்தைக் கேட்டு நிற்கும்,

அழகிப்பிள்ளை பாலசிங்கம்

இடம்: ஷாஃப்ஹவுசன்
திகதி: 09.02.2026

பின்குறிப்பு: கற்பூரம் கொளுத்தியதை மன்னித்துவிட்டேன், அது பக்தி. வட்டம் சரிவு என்றதையும் வேண்டுமானால் மன்னிப்பேன். ஆனால் மணி அடித்ததும் ஓடிவந்து, எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைப் பிறந்தநாள் மெழுகுதிரி போல வாயால் ஊதி நூர்த்துவிட்டு, உங்கள் ஆட்களிடம் விளக்காலைதான் மணி அடித்தது என்று டொச்சில் சொன்னவரை மன்னிக்க மாட்டேன். அந்தளவு டொச் எனக்கும் விளங்கும். பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்: தவராஜா.