இரண்டையும் ஒரே வாளியில்

இப்போதாவது இழுப்பு இல்லாமல் மூச்சு விடும் என் அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒன்று தெரிந்துகொண்டேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீங்கள் இறந்துபோனதும் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கண்டி டவுனில் துணிக்கடைக்கு வேலைக்குப் போனேன். இப்போது எனக்குப் பதினேழு வயது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அங்கே முதல் பாடமே இரசாயனம்தான். கடைசி வாங்கில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்வேன்.

அன்றைக்கு மிஸ் கேட்டார்: "பாத்ரூம் கழுவ பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒண்ணாக் கலக்குறவங்க யாரு?"

பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். "எங்கம்மா கலப்பாங்க மிஸ். கண்ணு எரியும், ஆனா தரையில மொகம் பாக்கலாம்!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மிஸ் சிரிக்கவில்லை. "கண்ணு எரியிறது குளோரின் வாயுவாலம்மா. மூச்சுக்குழாய் ஈரத்துல பட்டா அங்கேயே அமிலமாகிடும். இழுப்புக்காரங்கன்னா உயிரே போயிடும்."

என் பேனா கீழே விழுந்தது.

நீங்கள் இறந்த அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள், அப்பா. பாத்ரூமுக்குள் நின்று, பால்மா டின்னில் இருந்த பிளீச்சிங் பவுடரை வாளியில் கொட்டி, ஆசிட்டை ஊற்றினீர்கள். "ரெண்டும் சேந்தாத்தான் பாசி போகும்" என்றீர்கள். நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சத்தம் போட்டார்கள். "கதவச் சாத்திட்டுப் போம்மா" என்றீர்கள்.

சாத்தினேன். நீங்கள் இருமியது கேட்டது. தினமும் இருமுகிறவர்தானே என்று, முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்விட்டேன்.

உங்களைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில், இழுப்பு முற்றி உயிர் போய்விட்டது என்றார்கள். வாளியைப் பற்றி நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தெரிந்தால்தானே?

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால், அம்மா பாத்ரூம் வாசலில் அதே இரண்டையும் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார். நல்லவேளை, இன்னும் கலக்கவில்லை. ஓடிப்போய் ஆசிட் போத்தலைப் பறித்தேன்.

"என்னடி, பேய் புடிச்ச மாதிரி? உங்கப்பா செய்ற மாதிரித்தானே செய்றேன்?"

"வேணாம்மா. அதுல வர்ற வாயுதான் அப்பாவ..."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பவுடர் டின்னைத் தூரத் தள்ளி வைத்தார்.

"அன்னைக்கு அந்த ஆசிட்ட வாங்கியாரச் சொன்னதே நான்தான்டி" என்றார்.

"கதவச் சாத்துனது நான்மா" என்றேன்.

எங்கள் மேல் கோபமா அப்பா? இல்லை, இது உங்களுக்கும் தெரியாதா?

வகுப்பில் கையைத் தூக்கியவர்கள் மிஸ் சொன்னதையும் எழுதிக்கொண்டு, சிரித்துப் பேசியபடியேதான் பஸ் ஏறினார்கள். அவர்களுக்கு அது ஒரு பாடம். அதனால் செத்துப்போன ஒருவரை அவர்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் மறுபடியும் தீபாவளி, எல்லா வீட்டிலும் கழுவுவார்கள்.

வியாழக்கிழமை வகுப்பில் எழுந்து நின்று உங்கள் பெயரைச் சொல்வேன் அப்பா. குரல் நடுங்கினாலும், அழுதாலும், ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

உங்கள் ஒரே மகள்,
தவமணி