கேட்பதற்கு முன்பே கொடுத்தது

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. இவர் நலம். முதுகில் வந்த படுக்கைப்புண் ஆறிவிட்டது. பசி நன்றாக இருக்கிறது, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் நலமில்லை. காய்ச்சலோ என்னவோ என்று பதறாதே. முழுவதும் படி, புரியும்.

உன் கடிதம் போன சனிக்கிழமை கிடைத்தது. உங்கள் சபைப் பெண்கள் முகாமில் நான் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீங்கள் புகழ்கிற அந்தப் பெண் என் தங்கைதான் என்று நீ சொன்னதும் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்களாம். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துத் தையல் மிஷினுக்கு அடியில் தள்ளிவிட்டேன். உன் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் வரமாட்டேன் அக்கா. இவரை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு சாக்குச் சொல்லித் தப்பிக்கலாம். சாக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே போதும் போதும் என்றாகிவிட்டது.

நடந்ததை உனக்குச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருப்பார்கள். இவர் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கருவிப்பெட்டியோடு வந்தார். ரொட்டி வேன் ஓட்டி வந்தவன் பார்க்காமல் பின்னால் எடுத்தான். வேனுக்கும் சுவருக்கும் நடுவில் இவர். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது அதற்கு அடுத்த ஞாயிறு.

இவர் இன்னும் தீவிர சிகிச்சையில் கிடந்தார். ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டு வரலாம் என்றுதான் நான் ஆராதனைக்குப் போனேன். வேன்காரனின் அம்மா எங்கள் சபைதான். அவனை அழைத்து வந்து கடைசி வரிசையில் நிற்க வைத்திருந்தார். எங்கள் போதகர் நல்ல மனிதர், ஆனால் எதிலும் ஓர் அவசரம். பிரசங்கத்தின் நடுவில் என்னை முன்னால் கூப்பிட்டார். அவனையும் கூப்பிட்டார். மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டி, இந்தத் தம்பியை மன்னிக்க ஆயத்தமா சகோதரி என்று கேட்டார். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. இல்லை என்று சொல்ல அங்கே எனக்கு எங்கே இடம்? மன்னித்துவிட்டேன் என்றேன். கைதட்டல், கண்ணீர், பாட்டு. அன்றிலிருந்து என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். இறங்க வழி தெரியாமல் நானும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இனி எங்கள் வீட்டைச் சொல்கிறேன், அப்போதுதான் மீதி விளங்கும். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாள் முழுக்க லிஃப்டில் ஏறி இறங்குகிறவன் வீட்டுக்காவது நடந்து ஏற வேண்டாமா என்று பெருமையாகச் சொல்லி இவர் பிடித்த வீடு. இப்போது அந்தப் படிகளை யார் ஏறுவது? நான் துணிக்கடைக்குப் போவதும் நின்றுவிட்டது. கடைக்காரரே ஆள் விட்டுத் துணிப் பையை அனுப்புகிறார். கால்சட்டைக்கு ஓரம் அடிக்கிறேன், ஜிப் மாற்றுகிறேன், முடிந்ததைத் திருப்பி அனுப்புகிறேன். காய்கறி வாங்கக்கூட இறங்க வேண்டாம் என்று இவர் ஜன்னலில் ஒரு கப்பி போடச் சொல்லி, கூடை ஏற்றி இறக்க வழி செய்து கொடுத்தார். கப்பி மாட்ட வந்த ஆளைக் கட்டிலில் படுத்துக்கொண்டே இவர் விரட்டி வேலை வாங்கியதைப் பார்க்க வேண்டுமே! எல்லாம் சரி, என்னை வைத்து இறக்க ஒரு கூடை இல்லை.

இவரைச் சுமந்து இறக்கி ஏற்றுவது யார் என்று நினைக்கிறாய்? அந்த வேன்காரனேதான். லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள், இப்போது அதே பேக்கரியில் மாவு மூட்டை தூக்குகிறான். முதுகில் நல்ல பலம். சனிக்கிழமை வந்து இவரைக் குளிக்க வைப்பான், ஞாயிற்றுக்கிழமை முதுகில் ஏற்றிக் கீழே கொண்டுபோவான். மாடிப்படிக்கு அடியில் சக்கர நாற்காலி நிற்கும். போன வருஷம் முழுவதும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. சபையில் இதைப் பார்த்துப் பார்த்து உருகுகிறார்கள். நானோ கதவு தட்டும் சத்தம் கேட்டும், கையிலுள்ள ஓரத்தை அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

வரும்போதெல்லாம் ஒரு ரொட்டி கொண்டுவருவான். நான் தொடமாட்டேன். எனக்கென்று கடையில் வாங்கிக் கூடையில் ஏற்றிக்கொள்வேன். கடையில் விற்பதும் அதே பேக்கரி ரொட்டிதான். சிரிக்காதே. இவருக்கு அவனைப் பிடித்துவிட்டது, அதுதான் இன்னும் எரிச்சல். இருவரும் செஸ் ஆடுவார்கள். இவர் குதிரையை இஷ்டத்துக்கு நகர்த்துவார், அவன் பார்த்தும் பார்க்காததுபோல் விடுவான். என்னை அவன் அக்கா என்று கூப்பிடுகிறான். அந்தச் சொல் எனக்கு நீதான். அவன் வாயிலிருந்து அது வரும்போதெல்லாம் என் வீட்டிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பம் பகிர்கிற திருவிருந்து ஞாயிறுகளில் நான் பெரியவர்களோடு உட்காருவதில்லை. பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விடுவேன். மனதில் இவ்வளவு கசப்பை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை எப்படி எடுப்பது? எடுக்காமல் விட்டால் எல்லோரும் பார்ப்பார்களே. அதனால் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டு அங்கே ஒளிந்திருப்பேன். போதகர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத்தான் எவ்வளவு தாழ்மை!" என்று கண் கலங்கினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஒரு பொய்யை மறைக்கப் போய் அதற்கும் ஒரு பாராட்டு.

இப்போது போன ஞாயிறு. திருவிருந்து ஞாயிறு. உன் கடிதம் முந்தின நாள் வந்திருந்தது, இரவெல்லாம் அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

படி இறங்கும்போது நான் முன்னால் போவேன், பின்பக்கமாக, அவர்களைப் பார்த்தபடி. இவர் கால்கள் கைப்பிடியில் மாட்டாமல் இருக்க நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் முகம் என் முகத்துக்கு நேரே இருக்கும். அதைப் பார்க்காமல் இருக்க இவர் செருப்பையே பார்த்துக்கொண்டு இறங்குவேன். வாங்கி ஒரு வருஷமாகியும் அடி தேயாத செருப்பு அது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றான். நின்றவன் சும்மா நிற்கக் கூடாதா? "போதகர் சொன்னாரு அக்கா, உங்க அக்கா ஊர்ச் சபையில நம்ம ரெண்டு பேரையும் மேடை ஏத்தப் போறாங்களாமே" என்று ஒரு சிரிப்புச் சிரித்தான். எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு.

எங்கிருந்துதான் வந்ததோ. "நான் உன்ன மன்னிக்கல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். இவர் காலை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே சொன்னேன். விட்டுவிட்டு ஓடவும் முடியாது. அவனும் இவரை இறக்கி வைக்க முடியாது. மூன்று பேரும் அந்தக் குறுகின திருப்பத்தில் அப்படியே நின்றோம்.

அவன் சிரிப்பு போய்விட்டது. கோபப்படுவான் என்று நினைத்தேன். "தெரியும்க்கா" என்றான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அந்த ஞாயிறு அவன் வந்தது என்னிடம் மன்னிப்புக் கேட்கத்தானாம். அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்து, என்ன பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தானாம். "நான் கேக்கவே இல்லையேக்கா. கேக்கறதுக்குள்ள நீங்க குடுத்துட்டீங்க, எல்லாரும் கை தட்டிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க போய்க் கேக்கறது?" என்றான். கேட்க இடமில்லாமல்தான் வாரா வாரம் வந்து முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் மட்டும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேனே அக்கா.

இப்போது கேட்கட்டுமா என்றான். கேள், ஆனால் பதிலை உடனே எதிர்பார்க்காதே என்றேன். அப்போதுதான் அந்த விஷயம் வந்தது. "கண்ணாடியப் பாக்கல அக்கா. ரேடியோவுல வேற பாட்டு தேடிக்கிட்டு இருந்தேன். அவரு கத்தினது பாட்டுச் சத்தத்துல கேக்கல. என்னை மன்னிச்சிருங்க."

ரேடியோ! ஒரு பாட்டுக்காக! இவ்வளவு நாளும் பிரேக்கோ, இருட்டோ, விதி மீறிக் கட்டின சுவரோ என்று என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். இப்போது கேட்டதும் இன்னும் பற்றி எரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு அங்கேயே புரிந்தது. மேடையில் நான் எதை மன்னித்தேன் என்று எனக்கே தெரியாது. வெறும் காற்றை மன்னித்திருக்கிறேன். மன்னிக்க வேண்டியது என்னவென்று அந்தப் படியில்தான் முதல் முறை பார்த்தேன். பார்த்தபின் முடியவில்லை. "இப்ப முடியலப்பா" என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

அதுவரை முதுகில் வாயை மூடிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் திறந்தார். "அடிபட்டவன் நான். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். ரேடியோ விஷயம் இவருக்கு முன்பே தெரியுமாம். செஸ் ஆடும்போது அவன் சொல்லி அழுதிருக்கிறான். இரண்டு மாதம் இவர் அவனோடு பேசாமலே ஆடியிருக்கிறார், நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. "எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. உனக்கு ரெண்டு வருஷம் ஆகட்டும், யார் வேண்டாங்கறா? அதுவரைக்கும் என்னை இந்தப் படியிலயே வெச்சிருக்கப் போறீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. மூக்கைத் துடைக்கக் கை இல்லை. அப்படியே இறங்கினோம்.

அன்று நான் பிள்ளைகள் அறைக்குப் போகவில்லை. போதகர் மனைவி கதவருகே காத்திருந்தார், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு எங்கள் வரிசையில் உட்கார்ந்தேன். நான், இவர் நாற்காலி, அந்தப் பக்கம் அவன். அப்பத்தட்டு என்னிடம் வந்தது. எடுக்காமல் இவர் பக்கம் நகர்த்தினேன். முன் வரிசையில் ஒரு தலை திரும்பியது, பிறகு இன்னொன்று. திரும்பட்டும். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தேவனுக்கு முன்னால் நான் பொய் சொல்லாமல் உட்கார்ந்திருந்த நேரம் அது ஒன்றுதான். இவர் எடுத்துக்கொண்டார். தட்டு அவனிடம் போனது. அவனும் எடுக்கவில்லை, அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டான்.

வெளியே வந்ததும் இவர், எங்கள் இரண்டு பேர் பங்கும் தனக்கே வந்திருந்தால் வயிறாவது நிறைந்திருக்கும் என்றார். இந்த மனிதரைத் திருத்த முடியாது.

விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதே. ஒன்றும் மாறவில்லை. அதே மூன்றாவது மாடி, அதே படி, நாளை மறுநாள் அவன்தான் வந்து கதவைத் தட்டுவான். அவன் இல்லாமல் இவர் வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. முன்பாவது மன்னித்துவிட்டதுபோல் நடித்துக்கொண்டு அவனுக்கு டீ கொடுத்தேன். இனி நடிக்கவும் முடியாது. மன்னிக்காதவள் என்று தெரிந்தவனுக்கு, மன்னிக்காமலே கதவைத் திறந்துவிட வேண்டும். விசுவாசத்தில் வளர்வது என்றால் மனம் லேசாகிக்கொண்டே போகும் என்று நினைத்திருந்தேன். எனக்கு நேர்மாறாக இருக்கிறது. போதகர் இன்னும் வரவில்லை. வருவார், ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார். உனக்கு எழுதியதைத்தான் அவருக்கும் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதம் அதற்கு ஓர் ஒத்திகை.

இதைத் தபாலில் சேர்ப்பதும் அவன்தான், வேறு யார் இருக்கிறார்கள்? முன்பென்றால் பசை போட்டு நாலு பக்கமும் ஒட்டியிருப்பேன். இப்போது வெறுமனே மடித்து உறையில் போடுகிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் செய். முகாமில் என் கதையைச் சொல்ல வேண்டாம் என்று உங்கள் பெண்களிடம் சொல். அது கேட்பதற்கு நன்றாக இருக்கும், உண்மை இல்லை. சாட்சிப் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டு ஜெபக் குறிப்பில் போடு. அங்கே நிற்க எனக்கு வெட்கமில்லை.

அவனுக்காகவும் நீ ஜெபம் பண்ணு அக்கா. நானும் முட்டி போட்டுப் பார்த்தேன், வாய் வரவில்லை. அடுத்த திருவிருந்துக்குள் வருமா, அதற்கடுத்ததற்கா, தெரியாது. அதுவரை எனக்காக நீ சொல்லு. நீ எந்த நேரம் ஜெபிப்பாய் என்று எழுது. அந்த நேரத்துக்கு மிஷினை நிறுத்திவிட்டு நானும் கண்ணை மூடிக்கொள்கிறேன். நீ முடிக்கிற இடத்தில் ஆமென் மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஆமென் வரைக்கும் வந்துவிட்டேன்.

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்,
உன் தங்கை