கல்லில் கோலமாவு

1-2-64, சனி. காலையில் பனி. சிறுமலை கண்ணுக்கே தெரியவில்லை.

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என் படங்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அதையும்.

சித்தப்பா தந்த பெட்டிக் காமிராவில் எடுத்த முதல் சுருள் கழுவி வந்தது. எட்டுப் படம். எட்டிலும் பூங்காவிலுள்ள நினைவுத் தூண்தான். போரில் இறந்த நம்மூர்ச் சிப்பாய்கள் நால்வருக்கு வைத்தது.

கருத்துகள்:
அண்ணன் – தூண் சாய்ந்திருக்கிறதாம்.
கணக்கு டீச்சர் – "முயற்சி நன்று." (எல்லாவற்றுக்கும் அதேதான்.)
ஸ்டுடியோ காதர் மாமா (என் வகுப்பு நூர்ஜஹானின் தாய்மாமா) – "வானம் நல்லா விழுந்திருக்கு. தூணைத்தான் தேட வேண்டியிருக்கு. குறுக்க படுத்திருக்கிறது யாரு?"
என் நிழல்.

2-2, ஞாயிறு. அடுத்த வீட்டுச் செல்லம்மா அத்தை, பூக் கட்டுபவர், படம் பார்க்க வந்தார். நால்வரில் ஒருவர் அவர் தம்பி சிவசாமி. பாலசமுத்திரத்தில் இருக்கும் அவர்கள் அம்மாவால் நடக்க முடியாது. தூணைப் பார்த்ததே இல்லை. அத்தை புதனன்று ஊருக்குப் போகிறார்.

"இதுல தம்பி பேரு எங்க இருக்கு, தாயி?"

எட்டுப் படத்திலும் தேடினேன். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. (வெஞ்சனம் பாகற்காய். அதுவும் ஒரு காரணம்.)

மாலையில் காதர் மாமாவிடம் ஓடினேன். இந்தக் காமிராவை நெருக்கமாகக் கொண்டுபோனால் படம் மங்கிவிடும், எட்டடி தள்ளித்தான் நிற்க வேண்டுமாம். கருங்கல்லில் வெட்டிய எழுத்து அங்கிருந்து எப்படித் தெரியும்? மாமா புதுச் சுருள் தந்தார். யோசனை தரவில்லை.

3-2, திங்கள். யோசனை வாசலில் கிடைத்தது. அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மாவு டப்பாவுடன், அத்தையையும் இழுத்துக்கொண்டு பூங்காவுக்கு. சிவசாமி பேர் மூன்றாவது வரி என்று காட்டினேன். அத்தை அந்த எழுத்துப் பள்ளங்களில் விரலால் மாவை நிரப்பினார். காவல்காரர் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். அத்தை நிமிரவே இல்லை.

"வாசலுக்குப் போடுற மாவுதானய்யா. எந்தம்பிக்குப் போடக்கூடாதா?"

அவர் குனிந்து கல்லைப் பார்த்தார். பிறகு, "ஒருத்தருக்கு மட்டும் போட்டா மத்த மூணு பேரு என்ன நினைப்பாக?"

நால்வருக்கும் போட்டோம். டப்பா காலி. எட்டடி. நிழல் தூணில் விழாத இடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, டக். பள்ளிக்குத் தாமதம்.

4-2, செவ்வாய். தூணில் எறும்பு வரிசை. நாலு பேரையும் தின்றுகொண்டிருக்கிறது. அம்மா இன்னும் டப்பாவைத் தேடுகிறாள்.

மாலையில் படம் வந்தது. காதர் மாமா: "இப்பவும் சாஞ்சுதான் இருக்கு. ஆனா வாசிக்க முடியுது."

அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. நான் காட்டப் போனேன். அதற்குள் அவர் விரலே மூன்றாவது வரிக்குப் போய்விட்டது.

"இந்தா இருக்கான்."

இதைக் கருத்துகளில் சேர்க்கலாமா? அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.