வெயில் வராத வாசல்

அக்கா,

உன் வீட்டுக் கூரையை ஒட்டி நான் வைத்த காற்றுத் துளைகளிலிருந்து இன்று காலை உரச்சாக்குகளைப் பிடுங்கி எடுத்தேன். ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக எடுத்தேன். எட்டுத் துளைக்கும் எட்டுச் சாக்கு. நீளமாக மடித்து, குச்சியால் குத்திக் குத்தித் திணித்திருந்தாய். ஈரமும் உரமும் விறகுப் புகையும் சேர்ந்த வாடை முகத்தில் அடித்தது. தேயிலைத் தோட்டத்தில் நாம் பிறந்து வளர்ந்த, ஒற்றை அறை லயத்துக் காம்பிராவின் அதே வாடை. அந்த வாடையிலிருந்து உன்னை வெளியே கொண்டுவரத்தான் இந்த வீட்டை வரைந்தேன்.

உன் கருமாதிக்குத்தான் என்னால் வந்து சேர முடிந்தது. ஒரு பிடி மண் போடக்கூட நான் இல்லை.

ரியாத்தில் நான் பார்க்கும் வேலையைப் பற்றி உனக்குத் தாங்க முடியாத பெருமை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், "எந்தம்பி அந்த ஊருல வெயிலே தெரியாத வீடு கட்டுறான்" என்று ஆள் விடாமல் சொல்வாயாம். உண்மைதான். அங்கே வெயில்தான் எதிரி. சுவர் தடிப்பாக, ஜன்னல் சிறிதாக, கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். சூடான காற்று மேலேறி வெளியே போக உச்சியில் துளைகள் வேண்டும். வாசல்படியில்கூட வெயில் விழாதபடி கூரையை முன்னால் நீட்ட வேண்டும். அடுப்பின் சூடு அறைகளுக்கு வராமல் சமையலறையைப் பின்னால் தனியாகத் தள்ள வேண்டும். அப்படிக் கட்டினால் ஏசி பாதி நேரம் ஓடினால் போதும். பிள்ளைகுட்டிக்காரர்கள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

தோட்டத்தில் வீடு கட்டிக்கொள்ள உனக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்ததும் அதே படத்தை எடுத்தேன். அளவை மட்டும் சுருக்கி அனுப்பினேன். புதிதாக ஒரு கோடுகூடப் போடவில்லை அக்கா. பதினெட்டு வயது வரை பொகவந்தலாவை மலைக் குளிரில் பல் கிட்டிக் கிடந்தவன், அந்தக் குளிரை எப்படி மறந்தேன்? மறந்துகூட இருக்க மாட்டேன். அங்கே எல்லோரும் மெச்சிய வீடு உனக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும் என்ற திமிர்தான். வீட்டைக் கட்டிய மேசன் போனில், "இதென்னா தம்பி, இம்புட்டு ஓட்ட?" என்று கேட்டார். படத்தில் இருக்கிறபடி கட்டுங்கள் என்று அதட்டினேன்.

வீடு குடிபோன மறுவாரம் நீ ஒன்று கேட்டாய். "தம்பி, வாசல்ல கொஞ்சமாச்சும் வெயில் விழுகுற மாதிரி செய்ய ஏலாதா?"

நான் சிரித்தேன். சும்மா இல்லை, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். "அந்த வெயில உள்ள விடாம இருக்கத்தான் இங்க எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க. நீ வெயில் வேணும்ங்குற!" என்றேன். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு வெயிலைப் பற்றி நீ பேசவே இல்லை.

பெரட்டுக்கு முன்னால் லயத்து வாசலில் நீங்களெல்லாம் வரிசையாக நின்று வெயில் காய்வீர்களே, அது என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, வெயில் நகர நகர நீங்களும் ஒரு அடி நகர்வீர்கள். என்னை முன்னால் இழுத்து உன் சேலைத் தலைப்பால் போர்த்திவிட்டு, "முதுகக் காட்டுடா, முதுகக் காட்டு" என்பாய். மழை நாளில் அடுப்படிதான் நமக்கு வீடு. ஈரக் கம்பளியை அடுப்புக்கு மேலேதான் காயப்போடுவாய். அந்த இரண்டையும் நான் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். பதிலுக்கு வெள்ளைச் சுவர் கொடுத்தேன்.

உன்னோடு வருசக்கணக்காகக் கொழுந்து பறித்த செல்வமணி அக்கா, நான் ஏணியில் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"அத ஏன் இப்ப புடுங்குற? அடைச்சும் பிரயோசனமில்லனுதானே ராவைக்கு எங்க அடுப்படியில வந்து படுத்தாங்க."

எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ இங்கிருந்துதானே என்னோடு வீடியோவில் பேசினாய் என்றேன்.

"ஆமா, நீ போன் போடுற நேரத்துக்கு மட்டும் வந்து தொறப்பாங்க. சுவெட்டர கழட்டி வச்சிட்டு உக்காருவாங்க. 'போட்டுக்கிட்டு பேசுனா தம்பி மனசு சங்கடப்படும்'னு சொல்லுவாங்க. பேசி முடிச்சதும் நடுங்கிக்கிட்டே எங்க லயத்துக்கு ஓடியாருவாங்க."

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னாங்களே. நீ சிரிச்சியாம்."

சாக்குகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தை மாதப் பனியில் சளி உன் நெஞ்சுக்கு இறங்கியது. டொக்டர் வீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம். உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. என்னைத் திட்டியிருக்கலாம். கூரையை அறுத்துப் போட்டிருக்கலாம். சின்ன வயதில் முதுகில் ஒன்று வைப்பாயே, அப்படி ஒன்று வைத்திருக்கலாம். நான் வரைந்தது என்பதற்காக அதைக் கோயில் மாதிரிப் பூட்டி வைத்தாய். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளை மறுநாள் நான் திரும்பிப் போகிறேன். அங்கே இன்னொரு குடும்பத்துக்கு வீடு பாதியில் நிற்கிறது. வெயிலை மறைக்கும் கூரையைத்தான் வரைவேன். அவர்களுக்கு அது சரி. இங்கே உன் வாசலுக்கு மேலே இருக்கும் கூரையை அறுக்க, நாளை அதே மேசனை வரச் சொல்லியிருக்கிறேன். வெயில் விழும். காய்வதற்குத்தான் ஆள் இல்லை.

வீடியோவில் உன்னோடு பேசும்போது எடுத்த படம் ஒன்று என் போனில் இருக்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால், வெறும் ரவிக்கையும் சேலையுமாகச் சிரிக்கிறாய். அலுவலகத்தில் எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன்! "என் அக்கா வீடு, நான் வரைந்தது." இன்று அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில், நாற்காலி முதுகில் பழுப்பாக ஏதோ தொங்குகிறது. இத்தனை நாளும் முகம் துடைக்கும் துவாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

உன் சுவெட்டர். ஒரு கை உள்பக்கம் வெளியே தெரியப் புரண்டிருக்கிறது. நான் கூப்பிட்டதும் அவசரமாகக் கழற்றியிருக்கிறாய்.