தரையில் கிடந்த பலூன்கள்

ஞாயிறு, இரவு

தெப்ராவ் மண்டபத்தில் ஒரு வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள். அலங்காரம் என் பொறுப்பு. பாதி பலூன்கள் மேலே போனதும் ஹீலியம் தீர்ந்துவிட்டது. வெல்டிங் வேலை செய்யும் என் கணவர் வேனிலிருந்து ஆர்கான் சிலிண்டரை உருட்டி வந்தார்.

“ரெண்டும் எதோடயும் சேராத வாயு. தனிம அட்டவணையில ஒரே குடும்பம்னு நீதானே சொன்ன.”

பள்ளியில் படிவம் ஐந்தில் வேதியியல் படித்தவள் நான். “ஒரே குடும்பம்தாங்க. ஹீலியம் உச்சியில இருக்கு, ஆர்கான் மூனாவது. கீழ போகப் போக கனம். காத்தைவிட கனம், பறக்காது.”

“பறக்கும்லா.”

அவர் நிரப்பியதெல்லாம் தரையில் போய் உட்கார்ந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது பார்த்துக் குழந்தையை இறக்கிவிட்டார்கள். அது மேலே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பலூன்களைத் துரத்தித் துரத்தித் தவழ்ந்தது. “கீழயும் போட்டீங்க பாருங்கக்கா, அதான் அழகு” என்றாள் அதன் அம்மா.

“நான்தான் சொன்னேன்ல” என்று வீடு வரும் வரை இவர் சிரித்துக்கொண்டே வந்தார். இப்போது குறட்டை.

ஆர்கான் பறக்காது என்றேன். பறக்கவில்லை. பிறகு எப்படி அவர் ஜெயித்தார்?